ஏழு நாளில் சிவப்பாகலாம் என்றது கைப்பேசி

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் தேர், ஆடி மாதம் ஐந்தாவது வெள்ளிக்கிழமை ஓடும். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கவர்னர் வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைக்கிறார். அரியாங்குப்பம் சுற்றுவட்டாரமே அன்று கடற்கரையில்தான் நிற்கும். புதுத்துணி எடுக்காத வீட்டில்கூட ஒரு வளையல், ஒரு முழம் பூ இருக்கும். சில ஆண்டுகளாக இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தேருக்கு மூன்று வாரம் இருக்கும்போதே பிள்ளைகள் முகத்தை வெளுக்க வைக்கும் வேலையில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கான ஆலோசனை கைப்பேசியிலிருந்து வருகிறது.

அப்படி ஒரு தேர் முடிந்த பிறகு, எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு ஒரு மாணவி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் முதலாம் ஆண்டு. பக்கத்துக் காலனிப் பிள்ளை. வாயாடி. அன்று பேச்சே இல்லை.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. வெயில்ல போனா எரியுது."

துணியை விலக்கச் சொன்னேன். கன்னம் இரண்டும் தடித்துக் கன்றிப்போயிருந்தன. நெற்றி நிறையச் சிறுசிறு கொப்புளங்கள். மேலுதட்டிலும் தாடையோரத்திலும் முன்பு இல்லாத பூனைமுடி. இன்ஸ்டாகிராமில் ஒரு அக்கா பேசியதைப் பார்த்து, வாட்ஸ்அப்பில் எண் வாங்கி, பணம் அனுப்பி, கூரியரில் வந்த டப்பா என்றாள். டப்பாவில் ஒரு பூவின் படமும் பளபளக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களும் இருந்தன. யார் செய்தது, எந்த ஊரில் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை.

முதல் வாரம் முகம் வெளுத்தது உண்மை. "சூப்பரா இருக்கே" என்று தோழிகள் சொன்னதும் உண்மை. மூன்றாவது வாரம் க்ரீம் தீர்ந்தது. நிறுத்திய நான்காம் நாள் முகம் தீயாய் எரிந்தது. எரிச்சல் தாங்காமல் மறுபடியும் ஒரு டப்பா வாங்கினாள். தடவியதும் எரிச்சல் அடங்கியது. நல்ல மருந்துதான், நாம்தான் பாதியில் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவள் அம்மா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். "கறுப்பா இருந்தாலும் களையா இருந்துச்சு எம்மா இந்தப் பொண்ணு. யாரு சொன்னாங்கன்னு இதப் பூசினா?" என்று என்னிடம் கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் க்ரீம் என்றால் அதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும் என்று சந்தேகிக்கலாம். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், பாதரசம். சில டப்பாக்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருக்கும்.

ஸ்டீராய்டு என்பது கெட்ட பொருள் அல்ல. கரப்பான், காளாஞ்சகப்படை போன்ற நோய்களுக்குத் தோல் மருத்துவர்கள் அதை அளவாக, நாள் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபீட்டசால் என்று பல பெயர்களில், பல வீரியங்களில் அது உண்டு. வீரியமானதை முகத்தில் நாள்தோறும் பூசினால் தோல் மெலிந்துபோகும். அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். முகப்பரு வெடிக்கும், தேவையில்லாத இடத்தில் முடி வளரும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். எங்கள் மாணவியின் முகத்தில் இருந்தவை அத்தனையும் இவைதான். இதற்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்: ஸ்டீராய்டால் கெட்ட முகம்.

2011இல் இந்தியத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. பல நகரங்களின் மருத்துவமனைகளுக்கு முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை மருத்துவர்கள் விசாரித்தார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தவர்கள். அதில் 126 பேர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ, சவரம் செய்த பிறகு பூசும் பொதுவான க்ரீமாகவோ பயன்படுத்தியிருக்கிறார்கள். 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தது மருத்துவரே அல்ல. ரீல்ஸ் வருவதற்கு வெகுகாலம் முந்தைய கணக்கு இது. அன்றைக்குச் சிபாரிசு செய்தவர்கள் தோழி, அழகுநிலையக்காரர், மருந்துக் கடைக்காரர். 2020 ஜூன் மாதம் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுத் தோழி ஒருத்தி சொன்னதை இன்று முகம் தெரியாத ஒருத்தி லட்சம் பேரிடம் சொல்கிறாள். சொன்னதற்குக் கமிஷனும் வாங்குகிறாள்.

மலப்புறத்தில் வீங்கிய கால்கள்

பாதரசத்தின் கதை இன்னும் மோசமானது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த 22 நோயாளிகளைப் பற்றி உலக அளவிலான சிறுநீரக மருத்துவ இதழில் எழுதினார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு கெட்டு, புரதம் சிறுநீரில் வெளியேறும் நோய் அது. சிறுநீர் நுரைத்துப் போகும், காலும் முகமும் வீங்கும். அந்த 22 பேரில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை நோய் இருந்தது. காரணம் தேடிப் போனபோது அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று தெரியவந்தது. பெரும்பாலானவர்களுக்கு க்ரீமை நிறுத்தியதும் நோய் குறையத் தொடங்கியது.

மகாராஷ்டிரத்தின் அகோலாவில் ஒரே வீட்டில் மூன்று பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் கெட்ட செய்தி 2023இல் வந்தது. மூவரும் பூசியது ஒரே க்ரீம். அதைச் சோதித்தபோது பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. அதே ஆண்டு கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது. உரிமம் இல்லாத, முகவரி இல்லாத அழகுப் பொருட்களைப் பறிமுதல் செய்தது.

பாதரசம் எப்படி வெளுக்க வைக்கிறது? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்க ஒரு நொதி வேண்டும். பாதரசம் அந்த நொதியின் வேலையைத் தடுத்துவிடுகிறது. மெலனின் குறைகிறது, தோல் வெளுக்கிறது. ஆனால் பூசிய பாதரசம் தோலோடு நின்றுவிடாது. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்கும். நரம்பைத் தாக்கும். பூசியவரோடு போவதும் இல்லை. துண்டில், தலையணையில் ஒட்டும், ஆவியாகிக் காற்றில் கலக்கும். அம்மா பூசினால் மடியில் கிடக்கும் குழந்தைக்கும் பங்கு உண்டு.

கடற்கரையில் இருப்பவர்கள் பாதரசம் என்ற சொல்லைச் சாதாரணமாகக் கடந்து போகக் கூடாது. ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு மீனவர் ஊர். அங்கே ஒரு ரசாயன ஆலை தன் கழிவை விரிகுடாவில் விட்டது. அதிலிருந்த பாதரசம் மீனில் சேர்ந்தது, மீனைத் தின்ற மக்களின் நரம்பைத் தின்றது. 1956இல்தான் அந்த நோய் வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்த ஊரின் பெயரில்தான் 2013இல் உலக நாடுகள் பாதரசத்துக்கு எதிராக உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 2018இல் அதை ஏற்றது. அழகுப் பொருட்களில் பாதரசம் சேர்ப்பதை 2025க்குள் அடியோடு நிறுத்த வேண்டும் என்று 2023இல் நாடுகள் முடிவெடுத்தன. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் முகத்துக்கான க்ரீமில் பாதரசம் சேர்க்கக் கூடாது என்கின்றன. தவிர்க்க முடியாமல் கலந்திருந்தால்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. முகவரி இல்லாத டப்பாவுக்கு இந்த விதி எதுவும் தெரியாது.

ஆண்கள் தப்பவில்லை

இது பெண்பிள்ளைகளின் பிரச்சினை என்று அண்ணன் தம்பிகள் சிரிக்க வேண்டாம். படர்தாமரை வந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நாற்று நடுகிறவர், சாக்கடை அள்ளுகிறவர், மீன்பெட்டி தூக்குகிறவர், நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுத் துப்புரவு செய்கிறவர் என்று ஈரத் துணியோடு உழைக்கும் உடம்பில்தான் படர்தாமரை முதலில் பிடிக்கும். இடுப்பில், தொடையிடுக்கில் வருவதால் வெளியே சொல்லவும் கூச்சம். கைப்பேசியில் தேடினால் ஒருவர் ஒரு ட்யூபைக் காட்டி, "இரண்டே நாளில் அரிப்பு போயிடும்" என்கிறார். சொன்னபடி போகத்தான் செய்யும். அந்த ட்யூபில் பூஞ்சைக்கு மருந்து, கிருமிக்கு மருந்து, இவற்றோடு வீரியமான ஸ்டீராய்டு என மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் தடிப்பையும் அடக்கிவிடும். பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். வட்டத்தின் விளிம்பு மறைந்து, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாத அளவுக்கு உருமாறிப் பரவும். பத்து ஆண்டுகளாக இந்தியா முழுவதும் படர்தாமரை எளிதில் தீராத நோயாக மாறியதற்கு இந்தக் கலவை க்ரீம்களை ஒரு முக்கியக் காரணமாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மருந்தைப் பாதியில் விடுவதும், வீட்டில் மற்றவர்கள் வைத்தியம் செய்துகொள்ளாமல் இருப்பதும் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடம்பில் வெளிறிய தேமல் போல ஒன்று வந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுத்து முழுதாகக் குணப்படுத்திவிடுவார்கள். யாரோ சொன்ன க்ரீமைப் பூசிக்கொண்டு ஆறு மாதம் கடத்தினால் நரம்பு கெட்டு, விரல் மடங்கிப்போகும்.

ஏன் கைப்பேசியிடம் போகிறார்கள்?

இவ்வளவு ஆபத்து என்றால் டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்று கேட்பது எளிது. நமக்கொன்றும் மருத்துவமனைக்குப் பஞ்சம் இல்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அதன் மூலவேர் 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளி. நகரத்தில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் பேருந்து பிடித்து, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்துத் திரும்ப ஒரு நாள் போய்விடும். சித்தாளுக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி. முகப்பருவுக்கும் கரும்புள்ளிக்கும் ஒரு நாள் கூலியை விடுவதற்கு எந்த வீட்டிலும் மனம் வராது. "இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்று வீட்டிலேயே அடக்கிவிடுவார்கள்.

கைப்பேசி அப்படி இல்லை. நடுராத்திரியில் கேட்டாலும் பதில் சொல்கிறது. அதட்டுவதில்லை. எந்தத் தெரு என்று கேட்பதில்லை. "என்னோட செல்லத் தங்கச்சிங்களே" என்று தொடங்குகிறது. எங்கள் மாணவி சொன்னாள்: "அந்த அக்கா பேசுறப்ப எனக்குன்னே பேசுற மாதிரி இருக்கும்க்கா." பள்ளிக்கூடத்திலும் கடையிலும் உரக்க அழைக்கப்பட்டே பழகிய பிள்ளைக்கு அந்தக் குரல் இதமாக இருப்பதில் வியப்பில்லை.

அந்தக் குரலின் பின்னால் நடப்பது வியாபாரம். நீங்கள் ஒரு முறை ஒரு முகப்பரு வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டால், அடுத்து பத்து வீடியோ அதையே காட்டும். 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம் வரும். முன்பு எடுத்தது மங்கிய வெளிச்சத்தில், பின்பு எடுத்தது முகத்துக்கு எதிரே வட்ட விளக்கு வைத்து, ஃபில்டர் போட்டு. தள்ளுபடிக் குறியீடு ஒன்றைக் கொடுப்பார்கள். அதைப் போட்டு வாங்கினால் உங்களுக்குப் பத்து ரூபாய் குறையும், அவர்களுக்குப் பங்கு போகும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து முகத்தில் தேய்க்கச் சொல்வார்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோய்க் கறுப்புத் திட்டு விழும் என்று சொல்ல மாட்டார்கள். சமையல் சோடாவையும் பற்பசையையும் பூசச் சொல்கிறவர்களும் உண்டு.

இன்னொரு சிக்கல் யாரும் பேசாதது. தோல் நோயைத் தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. வெள்ளைத் தோலில் சிவந்து தெரியும் அழற்சி, கறுத்த தோலில் ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். படத்தைப் பார்த்து "எனக்கு அது இல்லை" என்று முடிவு செய்துவிடுவோம். இந்தக் குறை மருத்துவப் பாடநூல்களிலும் இருக்கிறது. லண்டனில் படித்த ஒரு கறுப்பின மருத்துவ மாணவர் இதைக் கேள்வி கேட்டு, தம் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் கறுத்த தோலில் நோய் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே வெளியிட்டார். நம்மைப் போன்ற தோலைக் கண்டே நோயறிந்து பழகிய மருத்துவர்கள் ஜிப்மரில் இருக்கிறார்கள். கைப்பேசிப் படத்தைவிட அவர்கள் கண் மேல்.

நிறமும் சாதியும்

இது ஏன் தலித் பகுதியில் எழுதப்படுகிறது என்று ஒருவர் கேட்கலாம். சிவப்பு மோகம் எல்லாச் சாதியிலும்தானே இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் எல்லாரிடமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மற்ற பெண்ணிடம் "நீ கறுப்பு" என்று சொன்னால் அது அழகைப் பற்றிய பேச்சு. நம் பெண்ணிடம் சொன்னால் அது தெருவைப் பற்றிய பேச்சும்தான். நம் பிள்ளை ஒருத்தி கொஞ்சம் மாநிறமாக இருந்துவிட்டால் கல்லூரியில் வியந்து சொல்கிறார்கள்: "உன்னப் பாத்தா எஸ்.சி. மாதிரியே தெரியலையே." பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு பாராட்டில் அவள் அம்மா, அப்பா, ஆயா எல்லாரும் இழிவாகிறார்கள். எங்கள் மாணவி க்ரீம் வாங்கியதும் தேருக்காக மட்டும் அல்ல. படிப்புச் செலவுக்கு ஒரு துணிக்கடையில் பகுதிநேர வேலை கேட்டுப் போயிருக்கிறாள். விற்பனைப் பகுதிக்கு என்று விளம்பரம். "உள்ள மடிச்சு வைக்கிற வேலை இருக்கு, வரியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளோடு போன சிவந்த தோழியை முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். அன்று இரவுதான் கைப்பேசியில் தேடினாள்.

நிறத்தைப் பார்த்துச் சாதியைச் சொல்லிவிடலாம் என்பது பொய். வெள்ளையர் ஆட்சியில் ரிஸ்லி என்ற அதிகாரி மக்களின் மூக்கை அளந்து சாதிக்கும் இனத்துக்கும் முடிச்சுப் போட்டார். அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அந்த மூக்களவுக் கணக்குகளையே எடுத்து வைத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். அதற்கு முன்பே, 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில், சென்னைப் பிராமணருக்கும் பஞ்சாப் பிராமணருக்கும் இன உறவு இல்லை, சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனத்தவர் என்று காட்டியிருந்தார். சாதி என்பது ரத்தத்திலும் தோலிலும் இல்லை என்பதே அவர் வாதம். எல்லாச் சாதியிலும் கறுத்தவர் உண்டு, சிவந்தவர் உண்டு.

அப்படியானால் கறுப்பு என்றதும் சேரி நினைவுக்கு வருவது ஏன்? நிலம் இல்லாதவன் வெயிலில் நிற்கிறான். பத்து வயதில் வயலுக்குப் போனவள் நெற்றியும் கையும் கறுத்துத்தான் போகும். நிழலில் உட்கார முடிந்தவர்களின் நிறம் உயர்ந்த நிறமானது. நிழல் யாருக்குக் கிடைத்தது என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. உண்மையில் மெலனின் உடம்பு நமக்குக் கொடுத்த குடை. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து தோலின் உயிரணுக்களைக் காப்பது அதுதான். மெலனினை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. அந்தக் குடையைக் கிழித்துவிட்டு மதிய வெயிலில் சித்தாள் வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வெள்ளை நகரம், அந்தப் பக்கம் கறுப்பு நகரம் என்றே பிரித்து வைத்திருந்தார்கள். கறுப்பு நகரம் என்ற பெயர் வழக்கொழிந்துவிட்டது. ஒயிட் டவுன் மட்டும் நிற்கிறது. அந்த மஞ்சள் சுவரில் சாய்ந்து நின்றுதான் பலர் ரீல்ஸ் எடுக்கிறார்கள்.

விளம்பர உலகமும் கொஞ்சம் மாறியதுபோல் காட்டிக்கொண்டது. 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் எழுப்பிய குரல் உலகம் முழுதும் எதிரொலித்த ஆண்டு அது. அதே ஆண்டு ஒரு பெரிய திருமணத் தகவல் தளம் தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது. சென்னையிலிருந்து 2009இல் தொடங்கிய 'கறுப்பு அழகு' பிரச்சாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் 'சிவப்பு' என்ற சொல் போன இடத்தில் 'பளபளப்பு', 'கண்ணாடி போன்ற சருமம்' என்று வேறு சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை 'அட்டவணை எச்' பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைக்கும் சமூக ஊடகப் பிரபலங்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இலும், மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் நெறிமுறை வகுத்தன. உடல்நலம் பற்றிப் பேசுகிறவர்கள் தங்கள் தகுதியைச் சொல்ல வேண்டும், மருத்துவர் அல்லாதவர்கள் தங்கள் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல என்று சொல்ல வேண்டும் என 2023 ஆகஸ்டில் மேலும் சேர்த்தார்கள். பொய்யான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

சட்டம் இருக்கிறது. நாம் புகார் சொல்வதில்லை. முகம் கெட்டவள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறாள். விற்றவள் அடுத்த வீடியோ போடுகிறாள்.

என்ன செய்யலாம்?

முகத்துக்கு எதை வாங்கினாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், தயாரித்த தேதி, உள்ளே இருக்கும் பொருட்கள் இவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். மெர்குரி, கலோமெல் என்ற பெயர்கள் இருந்தாலோ, தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தாலோ அது பாதரசம். ட்யூபில் ஆர்.எக்ஸ். குறியும் சிவப்புக் கோடும் இருந்தால் அது மருந்து, அழகுப் பொருள் அல்ல.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் பயந்து போய் இன்னொரு க்ரீமுக்குத் தாவ வேண்டாம். டப்பாவை எறியாமல் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டை எப்படி விடுவது என்று அவர் சொல்வார். விட்ட பிறகு சில வாரம் எரியும், சிவக்கும். அது குணமாகும் வழிதான். சிறுநீர் நுரைத்தாலோ, கால், முகம் வீங்கினாலோ ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். க்ரீம் பூசியதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதே கைப்பேசியில் 'இ-சஞ்சீவனி' என்ற அரசின் இலவசச் சேவை வழியாகப் பதிவு பெற்ற மருத்துவரிடம் பேசலாம். கூலி இழக்காமல் முதல் ஆலோசனை பெற அது ஒரு வழி. பேசுகிறவர் மருத்துவரா, பதிவு எண் சொல்கிறாரா, பேசி முடித்ததும் ஏதாவது விற்கிறாரா என்ற மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு எந்த வீடியோவையும் பாருங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. தோல் மருத்துவர் மாதம் ஒரு நாளாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். அதுவும் கூலி வேலை முடிந்த மாலையில். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கேரளத்தில் செய்ததுபோல், இங்கும் கடைகளிலும் அழகுநிலையங்களிலும் சோதனை நடத்த வேண்டும். கடைகளில் விற்பனைப் பகுதிக்கு நிறம் பார்த்து ஆள் எடுப்பதை நாம் பேசுபொருளாக்க வேண்டும்.

எங்கள் மாணவியை ஜிப்மருக்கு அழைத்துப்போனது அவள் அம்மாதான். ஒரு நாள் கூலி போனது. அந்த டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போனார். எரிச்சல் அடங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பூனைமுடி இன்னும் முழுதாகப் போகவில்லை. பழைய நிறம் திரும்பிவிட்டது. ஒரு நாள் அவளாகவே படிப்பகத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, எங்கிட்ட ஒரு ட்யூப் இருக்கு. எடுத்தாந்து காட்டவா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு டப்பாவோடு வந்தார்கள். எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து டப்பாவின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தோம். உங்கள் தெருவிலும் ஒரு ஞாயிறு இதைச் செய்யலாம்.